தூண்டிலுக்கு முன் ஒரு பாடம்: காட்டு ஏரியில் கயாக்

நியூயார்க் என்றவுடன் வானளாவிய கட்டடங்கள்தாம் நம் நினைவுக்கு வரும். ஆனால் அதே பெயர் கொண்ட மாநிலத்தின் வடபகுதியில், கனடா எல்லையை நெருங்கும் இடத்தில், அடிராண்டாக் என்ற மலைக்காடு பரந்து கிடக்கிறது. ஏறத்தாழ 60 லட்சம் ஏக்கர். கேரள மாநிலத்தின் பரப்பில் பாதிக்கு மேல். 1892-இல் இதைப் பூங்காவாக எல்லை வகுத்தார்கள். இதில் அரசுக்குச் சொந்தமான காட்டை என்றென்றும் காடாகவே வைத்திருக்க வேண்டும் என்று 1894-இல் மாநில அரசியல் சட்டத்திலேயே எழுதி வைத்துவிட்டார்கள். இந்தக் காட்டுக்குள் ஏரிகள் ஆயிரக்கணக்கில் உண்டு.

நம் சங்கத்துக் குடும்பங்கள் பலவற்றில் மகனோ மகளோ அமெரிக்காவில் இருக்கிறார்கள். கோடையில் அங்கே போய் மூன்று மாதம் தங்கி வரும் பெற்றோர், காரின் கூரைமேல் கட்டி எடுத்துச் செல்லப்படும் ஒல்லியான நீண்ட படகைப் பார்த்திருப்பார்கள். அதுதான் கயாக். அதில் ஒருவர் மட்டும் உட்கார்ந்து, இரு பக்கமும் அகன்ற துடுப்பால் மாறி மாறித் தள்ளிக்கொண்டு போய், நடு ஏரியில் தூண்டில் போடுவது அங்கே பலருக்கு விடுமுறைப் பொழுது. மீன் சாப்பிடாத வீட்டாரும் இதைப் படிக்கலாம். இதில் மீனைவிடத் தண்ணீரைப் பற்றிய பாடமே அதிகம்.

எடுத்துக்காட்டாகச் செயின்ட் ரீஜிஸ் என்ற பகுதியைக் கொள்வோம். அடிராண்டாக்கின் வடக்கே, 18,000 ஏக்கருக்கு மேற்பட்ட காட்டில் 58 நீர்நிலைகள். மோட்டார் படகு கூடாது. தண்ணீரில் இறங்கும் விமானமும் கூடாது. கைத்துடுப்புக்கு மட்டும் என்று நியூயார்க் மாநிலம் ஒதுக்கி வைத்திருக்கும் ஒரே இடம் இது. ஓர் ஏரியைக் கடந்தபின், படகைத் தோளில் தூக்கிக்கொண்டு காட்டுப் பாதையில் நடந்து அடுத்த ஏரியில் இறக்க வேண்டும். இப்படி ஏழு முறை தூக்கி நடக்கும் பழைய தடம் ஒன்றுக்கு 'ஏழு தூக்கல்கள்' என்றே பெயர்.

இந்தப் பகுதிக்குள் நுழைவோர் வழக்கமாக முதலில் கடக்கும் ஏரி லிட்டில் கிளியர் பாண்ட். இங்கே தூண்டில் போடத் தடை! அருகிலுள்ள அரசு மீன் குஞ்சுப் பண்ணைக்குத் தேவையான சால்மன் தாய்மீன்களை இந்த ஏரியில்தான் வளர்க்கிறார்கள். மாநிலத்தின் பல ஏரிகளில் விடப்படும் சால்மன் குஞ்சுகளுக்கு மூலம் இதுவே. ஆகவே தூண்டில்காரர், கோலைக் கட்டி வைத்துவிட்டு, மீன் நிறைந்த ஏரி ஒன்றைச் சும்மா கடந்து செல்கிறார். கரையேறி ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர் படகைச் சுமந்தால் செயின்ட் ரீஜிஸ் பாண்ட். அதற்கப்பால் கிரீன் பாண்ட், லிட்டில் லாங் பாண்ட், பேர் பாண்ட் என்று சிறு ஏரிகள் சங்கிலியாகத் தொடர்கின்றன. 400 ஏக்கர் ஏரியையும் அவ்வூர் மக்கள் 'குளம்' என்றுதான் சொல்கிறார்கள்.

படகைப் பற்றிக் கொஞ்சம்

கயாக் அமெரிக்க வெள்ளையரின் கண்டுபிடிப்பு அன்று. கிரீன்லாந்து முதல் அலாஸ்கா வரை வாழும் இனுயிட் முதலான துருவ மக்கள் கடல்நாய் வேட்டைக்காக உண்டாக்கியது. அங்கே மரம் வளராது. கடல் ஒதுக்கிய கட்டைகளாலும் எலும்பாலும் சட்டம் கட்டி, அதன்மேல் கடல்நாய்த் தோலை இழுத்துத் தைத்தார்கள். ஒரு சொட்டுத் தண்ணீர் புகாமல் தைக்கும் வேலை பெண்களுடையது. வேட்டைக்காரனின் உயிர் அந்தத் தையலில் இருந்தது.

இன்று மீன்பிடிக்க விற்கப்படும் கயாக்குகளில் பல, உள்ளே நுழைந்து உட்காரும் வகையல்ல. மேலே உட்காரும் வகை. மூடிய பிளாஸ்டிக் உடல், அதன்மேல் ஒரு குழிவான இருக்கை, ஏறிய தண்ணீர் தானே வடிந்துபோகத் துளைகள். நம் கடற்கரையைப் பார்த்தவர்களுக்கு உடனே கட்டுமரம் நினைவுக்கு வரும். கட்டுமரத்திலும் ஆள் உட்காருவது மேலேதான்; அலை ஏறினாலும் கட்டைகளின் இடுக்கு வழியே வடிந்துவிடும்; நிரம்பி மூழ்குவதற்கு அதில் குழிவான வயிறே இல்லை. ஒன்றிலிருந்து மற்றது வந்தது என்று நான் சொல்லவில்லை. ஒரே சிக்கலுக்கு இரு கரைகளில் ஒரே மாதிரி விடை கிடைத்திருக்கிறது, அவ்வளவுதான்.

பார்க்க ஒடுங்கலாக இருப்பதால் பெரியவர்களுக்குப் பயம் வருவது இயல்பு. "இதில் உட்கார்ந்தால் கவிழ்ந்துவிடாதா மாப்பிள்ளை?" என்று கேட்ட மாமனார் ஒருவருக்கு, "உட்கார்ந்தால் கவிழாது மாமா, எழுந்து நின்றால்தான்" என்று மாப்பிள்ளை சொன்ன பதிலில் பௌதிகம் முழுவதும் அடங்கியிருக்கிறது. உட்கார்ந்தவரின் எடை நீர்மட்டத்துக்கு அருகிலேயே இருக்கிறது. அந்த எடை தாழ்ந்தும் நடுக்கோட்டிலும் இருக்கும்வரை படகு நிலையாகவே நிற்கும். ஆபத்து வருவது மீன் சிக்கியபோது. மகிழ்ச்சியில் தலையைப் பக்கவாட்டில் நீட்டி எட்டிப் பார்க்கிறோம். தலையோடு எடையும் போய்விடுகிறது. ஆகவே விதி ஒன்று: மூக்கு எப்போதும் படகின் நடுக்கோட்டுக்கு மேலேயே இருக்கட்டும், கை மட்டும் வெளியே நீளட்டும். நங்கூரமிட்டால் படகின் முன்முனையிலோ பின்முனையிலோ கட்ட வேண்டும். பக்கவாட்டில் கட்டினால் காற்றடிக்கும்போது படகைச் சாய்த்துவிடும்.

எடை பற்றியும் சொல்ல வேண்டும். மேலே உட்காரும் மீன்பிடிக் கயாக் பெரும்பாலும் 30 கிலோவுக்குக் குறையாது. காரிலிருந்து நேரே ஏரியில் இறக்குவதற்கு அது சரி. ஒரு கிலோமீட்டர் தோளில் சுமப்பதற்குச் சரிப்படாது. அதனால் செயின்ட் ரீஜிஸ் பகுதிக்கு வருவோர் கெவ்லர் போன்ற இழையால் செய்த, கயாக் துடுப்பாலேயே தள்ளக்கூடிய சிறு திறந்த படகுகளை விரும்புகிறார்கள். இது அந்த ஊரின் பழைய வழக்கம். 1883-இல் ஜார்ஜ் வாஷிங்டன் சியர்ஸ் என்பவர், ரஷ்டன் என்ற படகுத் தச்சர் கட்டிக் கொடுத்த 9 அடிப் படகில் இந்த ஏரிகள் வழியே 266 மைல் போய்வந்தார். மரத்தால் ஆன அந்தப் படகின் எடை பத்தரைப் பவுண்டு, அதாவது 5 கிலோவுக்கும் குறைவு! சியர்ஸ் அப்போது 60 வயதைக் கடந்தவர், நோயாளி, மெலிந்த உடம்பு. தன் தோளுக்குத் தகுந்த படகை அவர் கேட்டு வாங்கிக்கொண்டார். ஆளுக்குத் தக்க படகைத் தேட வேண்டும் என்பதை இன்றைய கடைக்காரர்கள் சொல்வதில்லை. மீன் இருக்கும் ஆழத்தைக் காட்டும் கருவியும், கால்மிதியும், கோல் தாங்கிகளும் சேர்த்துப் பாரத்தை ஏற்றிவிடுகிறார்கள்.

குளிரை மறவாதீர்

ஏப்ரல் இறுதியில்தான் அங்கே ஏரிகளில் பனிக்கட்டி உருகும். மே மாதத்தில் வெயில் சுள்ளென்று அடிக்கும். சட்டையைக் கழற்றலாம் போலிருக்கும். தண்ணீரோ உறைநிலைக்குச் சில டிகிரி மேலே. அதில் திடீரென்று விழுந்தவர் தம்மை அறியாமல் பெருமூச்சு வாங்குவார். அந்த ஒரு மூச்சு தண்ணீருக்கடியில் நிகழ்ந்தால் போதும், நீச்சல் வீரரும் மூழ்குவார். அதனால்தான் நவம்பர் 1 முதல் மே 1 வரை, 21 அடிக்குக் குறைந்த படகில் போகும் ஒவ்வொருவரும் மிதவைச் சட்டையை அணிந்தே இருக்க வேண்டும் என்று நியூயார்க் சட்டம் சொல்கிறது. மற்ற மாதங்களிலும் அதைக் கழற்றாமல் இருப்பதே புத்தி. அதோடு, கவிழ்ந்த படகில் தண்ணீரிலிருந்தே திரும்ப ஏறும் பழக்கத்தை முதலில் இடுப்பளவு நீரில் பத்து முறையாவது செய்து பார்க்க வேண்டும்: படகைப் புரட்டி நேராக்கி, காலை உதைத்து, வயிறு படியும்படி குறுக்கே ஏறி, பிறகு திரும்பி உட்காருவது. இதைச் செய்யத் தெரியாதவர் தனியாக நடு ஏரிக்குப் போகக் கூடாது.

காற்றையும் கணக்கில் கொள்க. காலையில் எதிர்க்காற்றில் போனால், களைத்துத் திரும்பும்போது காற்றே தள்ளிக்கொண்டு வந்து விடும். மாறாகச் செய்பவர் மாலையில் அழுவார்.

ஏரி ஒரு மூன்று மாடி வீடு

இனி முக்கியப் பாடத்துக்கு வருவோம். ஜூன் மாத இறுதி, காலை ஐந்தே காலுக்குச் சூரியன் உதிக்கிறது, ஏரிமேல் மூடுபனி. தூண்டிலை எங்கே போடுவது? எவ்வளவு ஆழத்தில்? பழக்கமில்லாதவர் கரையோரம் அல்லிக் கொடிகளுக்கு நடுவே வீசுவார். அங்கே அவர் தேடி வந்த மீன் இராது.

அந்த மீன் புரூக் டிரவுட். நியூயார்க் மாநிலத்தின் மீன் என்று 1975-இல் அறிவிக்கப்பட்டது. முதுகில் புழு ஊர்ந்த தடம் போன்ற வெளிர் வரிகள். பக்கங்களில் நீல வட்டத்துக்குள் சிவப்புப் பொட்டு. துடுப்புகளின் முன்விளிம்பில் சுண்ணாம்பால் கோடிட்டது போன்ற வெண்மை. அழகான மீன், அழகைப்போலவே நாசூக்கும். தண்ணீர் 20 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் அதற்குத் தாங்காது. 25-ஐ நெருங்கினால் உயிரே போகும். மூச்சுக்கு நிறையப் பிராணவாயுவும் வேண்டும். குளிர்ந்த நீரில்தான் அந்த வாயு அதிகம் கரையும்: உறைநிலையில் லிட்டருக்கு 14.6 மில்லிகிராம் வரை கரையும். 20 டிகிரியில் 9 மில்லிகிராம் அளவே.

தண்ணீருக்கு ஒரு விசித்திரக் குணம் உண்டு. மற்ற பொருள்கள் பெரும்பாலும் குளிரக் குளிரக் கனத்துக்கொண்டே போகும். தண்ணீர் 4 டிகிரியில் மிகக் கனமாகி, அதற்குக் கீழே குளிர்ந்தால் மறுபடி இலேசாகிவிடுகிறது. இதனால்தான் ஏரி அடியிலிருந்து உறையாமல் மேலிருந்து உறைகிறது, மீன் பிழைக்கிறது. வசந்தத்தில் பனி உருகியதும் ஏரி முழுவதும் ஏறத்தாழ 4 டிகிரிக்கு வருகிறது. மேலும் கீழும் ஒரே கனம். அப்போது காற்றடித்தால் ஏரி அடிவரை புரண்டு கலக்கிறது; மேல்நீரின் பிராணவாயு அடிமட்டம்வரை போய்ச் சேர்கிறது. அந்த வாரங்களில் டிரவுட் எங்கு வேண்டுமானாலும் திரியும், கரையோரத்திலும் அகப்படும்.

கோடை வந்ததும் கலத்தல் நிற்கிறது. மேல்நீர் சூடாகி, இலேசாகி, எண்ணெய்போல் மேலேயே தங்கிவிடுகிறது. கீழே கனத்த குளிர்நீர். நடுவில் சில அடிகளுக்குள் வெப்பம் சட்டென்று விழும் ஒரு மெல்லிய அடுக்கு. காற்று எவ்வளவு அடித்தாலும் மேலடுக்கு மட்டுமே அலையும்.

ஜூன் மாதத்து டில்லியில் பர்சாத்தியில் குடியிருந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. மொட்டைமாடி அறையில் அடுப்பு. நடுமாடியில் ஏதோ இருக்கலாம். ஏரியின் அடித்தளத்தில் குளிர்ச்சி இருக்கிறதே, மீன் அங்கேயே போய்விடலாமே என்று கேட்கலாம். அங்கே வேறு தொல்லை. விழுந்த இலை, செத்த பாசி எல்லாம் அடியில் மட்கும்போது பிராணவாயுவைத் தின்கின்றன. மேலிருந்து புதுக்காற்று வர வழியில்லை, கதவடைத்த நிலவறைதான். ஆகஸ்டுக்குள் பல சிறு ஏரிகளின் அடிநீரில் மீன் மூச்சுவிட முடியாத நிலை வந்துவிடும். மேலே வெப்பம், கீழே மூச்சுத் திணறல்; இரண்டுக்கும் இடையே உள்ள சில அடி நீர்தான் டிரவுட்டுக்குக் கோடை முழுவதும் வீடு. அதோடு, அடியிலிருந்து குளிர்ந்த ஊற்று கிளம்பும் இடங்கள் சில. இலையுதிர் காலத்தில் அது முட்டையிடுவதும் ஊற்று கசியும் சரளைக் கல் படுகையில்தான்.

ஆகவே தூண்டில்காரர் முதலில் செய்வது, நூலில் வெப்பமானியைக் கட்டி இறக்குவது. ஒவ்வொரு மீட்டருக்கும் நிறுத்திப் பார்ப்பார். 21, 20, 20, 19, பிறகு சட்டென்று 14 என்று விழுந்தால் அந்த இடத்தில்தான் தூண்டில் நிற்க வேண்டும். கையால் தொட்டுப் பார்க்க முடியாத ஒரு சுவரை இப்படித் தேடிக் கண்டுபிடிப்பது, மீன் சிக்குவதைவிடச் சுவையான வேலை என்பது என் கருத்து.

அந்தப் பகுதியிலேயே பிறந்த ஒரு தூண்டில் முறை உண்டு. லேக் கிளியர் என்ற ஊர்ப் பெயரால் வழங்கும் வளைந்த உலோகத் தகடு. அதில் முள் கிடையாது. அதன் பின்னால் ஒரு முழம் நரம்பு விட்டு, நுனியில் முள்ளும் மண்புழுவும். படகை மெல்ல நடக்கும் வேகத்தில் தள்ளினால், தகடு இப்படியும் அப்படியும் ஆடிப் பளபளக்கும். மீன் என்னவென்று பார்க்க வந்து, பின்னால் வரும் புழுவைக் கவ்வும். மோட்டார் வேகத்தில் தகடு ஆடாது, சுழன்று நரம்பை முறுக்கிவிடும். கைத்துடுப்பின் வேகம்தான் இதற்குச் சரியான வேகம். இரண்டு தள்ளு, ஒரு நிறுத்தம். நிறுத்தத்தில் தகடு சற்றுத் தாழும். பெரும்பாலும் அப்போதுதான் இழுக்கும்.

பிடித்ததைத் திரும்ப விடுவதானால் கையை நனைத்துக்கொண்டுதான் தொட வேண்டும். உலர்ந்த கை அதன் மேலுள்ள வழவழப்பை உரித்துவிடும். பிறகு பூஞ்சை பிடிக்கும். கூடுமானவரை தண்ணீருக்குள் வைத்தே முள்ளைக் கழற்றுவது நல்லது. மேல்நீர் மிகச் சூடாக இருக்கும் நாளில், ஆழத்திலிருந்து இழுத்து வந்து திரும்ப விட்டாலும் பிழைக்காது. அந்த நாளில் உண்ணத் தேவையான ஒன்றிரண்டைப் பிடித்துவிட்டு நிறுத்திக்கொள்வதே முறை.

ஒரு வாளி போதும்

இவ்வளவு குறுகிய வீட்டில் வாழும் உயிரை அழிக்க எவ்வளவு வேண்டும்? ஒரு வாளி போதும்.

பனிக்காலம் முடிந்தபின் உருவான இந்த ஏரிகளில் சிலவற்றில் டிரவுட்டுக்குப் போட்டியாக வேறு மீன் அதிகம் இருக்கவில்லை. தூண்டில்காரர்கள் உயிருள்ள சிறு மீன்களை வாளியில் இரையாகக் கொண்டுவந்தார்கள். மாலையில் மீந்ததை, பாவம் பிழைக்கட்டும் என்று ஏரியில் கொட்டினார்கள். மஞ்சள் பெர்ச் போன்ற மீன்கள் உள்ளே வந்ததும் பெருகி, டிரவுட் குஞ்சின் உணவைத் தின்று, குஞ்சையும் தின்றன. சில ஆண்டுகளில் டிரவுட் அரிதாயிற்று. அதனால் இப்போது அடிராண்டாக்கின் டிரவுட் ஏரிகள் பலவற்றில் மீனை இரையாகப் பயன்படுத்தவே தடை.

கெட்டுப்போன ஏரியைச் சீர்செய்ய அரசு கைக்கொண்ட வழி கடுமையானது. டெரிஸ் முதலிய அவரைக் குடும்பத்துச் செடிகளின் வேரிலிருந்து எடுக்கும் ரோட்டினோன் என்ற நஞ்சை ஏரி முழுவதும் கலந்து, உள்ள மீன் அனைத்தையும் கொன்று, நஞ்சு தானே சிதைந்தபின் டிரவுட் குஞ்சுகளை விடுவது. வேண்டாத மீன் மறுபடி ஏறி வராதபடி ஓடையில் தடுப்பும் கட்டுவார்கள். இந்த முறையில் எனக்கு முழு உடன்பாடு இல்லை. ஆனால் யாரோ சிலர் இரக்கப்பட்டுக் கவிழ்த்த வாளிகளுக்கு இதைவிட எளிய பரிகாரத்தை எவரும் காட்டவுமில்லை.

நம்மவர்க்கு இது புதிதன்று. 1952-இல் ஆப்பிரிக்க மீனான திலாப்பியா, ஏழைகளுக்குப் புரதம் கிடைக்கட்டும் என்ற நல்ல எண்ணத்தோடு இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்டது. அதைத்தான் நாம் ஜிலேபி, ஜிலேபிக் கெண்டை என்கிறோம். இன்று தமிழ்நாட்டில் அது புகாத ஏரி, கண்மாய் எத்தனை இருக்கும்? சுவைத்துச் சாப்பிடுவோரும் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் தாத்தா காலத்தில் அதே குளத்தில் அகப்பட்ட மீன்களின் பெயர்கள் பேரனுக்குத் தெரியாமற் போயின.

மண்புழுவைப் பற்றியும் ஒரு வார்த்தை. நமக்கு மண்புழு உழவனின் நண்பன். அந்த வடகாடுகளிலோ பனிப்பாறைகள் நிலத்தைச் சுரண்டிய காலத்திலிருந்து மண்புழுவே இல்லை. இலைச்சருகு மெத்தையாகத் தங்கி, அதில் காட்டுப் பூச்செடிகளும் மரக்கன்றுகளும் முளைத்தன. ஐரோப்பாவிலிருந்து வந்த புழு அந்த மெத்தையைத் தின்று தீர்க்கிறது. ஆகவே மீந்த இரைப்புழுவைக் கரையில் கொட்டாமல் வீட்டுக்கு எடுத்துவந்து குப்பையில் போட வேண்டும்.

அடுத்தது ஈயக் குண்டு. அந்த ஏரிகளில் லூன் என்றொரு பறவை உண்டு. கறுப்பு வெள்ளை உடல், சிவந்த கண், இரவில் காடே அதிரும்படி கூவும். உணவை அரைப்பதற்காக அது அடியிலுள்ள சிறு கற்களை விழுங்கும். அறுந்து விழுந்த ஈயக் குண்டையும் கல் என்று விழுங்கிவிடுகிறது, அல்லது குண்டோடு இருக்கும் மீனை விழுங்குகிறது. ஒரே ஒரு குண்டு ஒரு லூனைக் கொல்லப் போதும். அரை அவுன்ஸும் அதற்குக் குறைந்ததுமான ஈயக் குண்டுகளின் விற்பனையை நியூயார்க் 2004-இல் தடை செய்தது. தகரத்திலும் எஃகிலும் செய்த குண்டுகள் சற்று விலை கூடுதல். ஆனால் வேலை ஒன்றே.

தெளிந்த நீரும் செத்த நீரும்

தூண்டில்காரர் தவறே செய்யாதபோதும் மீன் போனதுண்டு. 1984 முதல் 1987 வரை அடிராண்டாக்கில் 1,469 நீர்நிலைகளை ஆராய்ந்தார்கள். ஏறத்தாழ கால் பங்கில் மீனே இல்லை. சில இயற்கையிலேயே அப்படிப்பட்டவை. பல அமில மழையால் வெறுமையானவை. நூற்றுக்கணக்கான மைல் மேற்கே, ஓஹயோ ஆற்றுப் பகுதியின் அனல் மின்நிலையங்களில் எரித்த நிலக்கரியின் கந்தகப்புகை காற்றோடு வந்து மழையில் இறங்கியது. சுண்ணாம்புச் சத்துள்ள மண்ணாக இருந்தால் அமிலத்தை முறித்திருக்கும். இங்கோ கடும்பாறைமேல் மெல்லிய மண். அமிலம் மண்ணிலிருந்த அலுமினியத்தைக் கரைத்து ஏரிக்குள் கொண்டுவந்தது. அது செவுளில் படிந்து மீனைத் திணறவைத்தது.

இதில் கொடுமை என்னவென்றால், அமிலம் மிகுந்த ஏரி பார்க்க மிக அழகாக இருக்கும். பாசி குறைந்து, தண்ணீர் கண்ணாடிபோல் தெளிந்து, அடிக்கல் வரை தெரியும். சுற்றுலா வந்தவர் 'என்ன தூய்மை!' என்று படமெடுத்துக்கொண்டு போவார்.

1990-இல் அமெரிக்கா தன் காற்றுத் தூய்மைச் சட்டத்தைத் திருத்தி, மின்நிலையங்களின் கந்தகப்புகைக்கு உச்சவரம்பு வைத்தது. 1995 முதல் அது நடைமுறைக்கு வந்தது. ஏரிகள் மெல்ல மெல்லத் தேறின. இன்னும் தேறாதவையும் உண்டு. ஹோனெடாகா என்ற ஏரியில் டிரவுட் அற்றுப்போயிற்று என்றே முன்பு கருதினார்கள். உண்மையில் சில மீன்கள் அந்த ஏரியில் வந்து விழும் சிற்றோடைகளில், நிலத்தடி ஊற்று அமிலத்தை முறிக்கும் இடங்களில், ஒண்டிக்கொண்டிருந்தன. தண்ணீர் தேறியதும் அவற்றின் வழித்தோன்றல்களே ஏரிக்குத் திரும்பின.

மாலையில் கரையேறியபின் ஒரு வேலை பாக்கி. படகைக் கவிழ்த்து வடித்து, ஒட்டிய பாசியையும் சேற்றையும் துடைத்து, நரம்பையும் உலர்த்த வேண்டும். முள்நீர்த்தெள்ளு என்று சொல்லத்தக்க ஒரு சிற்றுயிர், ஐரோப்பா-ஆசியாவிலிருந்து கப்பல்களின் அடிநீரில் 1980-களில் அமெரிக்காவின் பேரேரிகளுக்கு வந்தது. அடிராண்டாக்கின் கிரேட் சக்கன்டாகா ஏரியில் 2008-இலும், ஜார்ஜ் ஏரியில் 2012-இலும் தலைகாட்டியது. நீண்ட முள்வாலால் தூண்டில் நரம்பில் ஈரப் பஞ்சு போல் ஒட்டிக்கொண்டு ஏரி விட்டு ஏரி போகும். நன்றாக உலர்ந்த நரம்பில் அது பிழைக்காது.

நம் பிள்ளைகளுக்கு ஒரு செய்முறை

அடிராண்டாக் வரை போக முடியாதவர்கள் குமாவோன் போகலாம். நைனிதால், பீம்தால், நௌகுசியாதால் ஏரிகளுக்கு டில்லியிலிருந்து ஒரு நாள் பயணமே. மூன்றும் கோடையில் மேலே சொன்னபடி அடுக்குப் பிரிகின்றன. ஒரு வேறுபாடு: அடிராண்டாக் ஏரிகள் பனிமூடுவதால் ஆண்டுக்கு இருமுறை புரளும், குமாவோன் ஏரிகள் உறைவதில்லை, குளிர்காலத்தில் ஒரே முறை புரளும். நைனிதால் ஏரியில் ஊர்க் கழிவு சேர்ந்து அடிநீரில் பிராணவாயு அற்றுப்போய், குளிர்காலத்தில் அந்த நீர் மேலே கலக்கும்போது மீன்கள் செத்து மிதந்தன. 2007 முதல் அங்கே குழாய் போட்டு அடியில் காற்றுச் செலுத்துகிறார்கள். படகில் போகும்போது நீர்மேல் குமிழிகள் கொப்பளிக்கும் இடத்தைப் பார்த்தால் பிள்ளைகளுக்குக் காரணத்தைச் சொல்லுங்கள்.

மே, ஜூன் விடுமுறையில் நௌகுசியாதால் போவோர் இதைச் செய்து பார்க்கலாம். ஒரு கண்ணாடிப் பாட்டிலின் அடியில் கல்லைக் கட்டுங்கள். வாயைத் தக்கையால் மூடி, தக்கைக்குத் தனியாக ஒரு நூலும் பாட்டிலுக்கு ஒரு கயிறும் கட்டுங்கள். கயிற்றில் ஒவ்வொரு மீட்டருக்கும் முடிச்சு. வாடகைப் படகில் நடு ஏரிக்குப் போய், முதலில் இரண்டு மீட்டர் இறக்கித் தக்கை நூலைச் சுண்டி இழுங்கள், பாட்டில் நிரம்பும். உடனே மேலே எடுத்து வெப்பமானியை விட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு நான்கு, ஆறு, எட்டு, பத்து என்று இறங்குங்கள். எந்த முடிச்சுக்கும் எந்த முடிச்சுக்கும் இடையே வெப்பம் சட்டென்று விழுகிறது என்று பிள்ளைகளே சொல்லட்டும். நாள், நேரம், காற்று அடித்ததா இல்லையா என்பதையும் எழுதி வைத்து, அதே இடத்தில் டிசம்பர் இறுதியில் மறுபடி அளந்து பார்க்கவும். படகில் இருக்கும்போது மிதவைச் சட்டையைக் கேட்டு வாங்கிப் போட்டுக்கொள்ளவும்.